கண்டதோ, கேள்விப்பட்டதோ

"தலையை உள்ள விட்டுப் பாருங்கோ" என்பதுதான் அவர் பேசியதில் என் மனதில் நின்ற முதல் வாக்கியம். விடச் சொன்னது ஐஸ் இயந்திரத்துக்குள்.

அமீரகத்தின் புஜைராவில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு ஹோட்டலில் சுகாதாரம், பாதுகாப்பு இரண்டையும் கவனிக்கும் அதிகாரியாக நான் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மதுரையில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, எண்ணெய்க் கிடங்கில் வேலை பார்க்கும் கணவரோடு வந்தவள் நான். சமையலறை, சலவை அறை, நீச்சல் குளம் எல்லாவற்றையும் பார்த்து முடித்தும் கடல் பக்கம் இருந்த திறந்தவெளி பாரை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லக்கூட மாட்டார்கள். கடைசியில் ஒரு மதியம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, படிவத்தோடு போய் நின்றேன்.

கவுண்டருக்குப் பின்னால் குள்ளமான ஒரு பெண்மணி கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இழுத்து முடிந்த கொண்டையில் நரை. நான் தமிழ் என்று தெரிந்ததும் சிரித்தார். இலங்கையில் மன்னார்ப் பக்கம் என்றார். ஐஸ் இயந்திரத்தைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை என்றார். நான் அதைப் படிவத்தில் எழுதப் போனேன். கை நீட்டி என் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் காணேல்லையே பிள்ளை. நான் சொல்லக் கேட்டனீங்கள். தலையை உள்ள விட்டுப் பாருங்கோ."

விட்டுப் பார்த்தேன். உள்ளே கீல் ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கறுப்பாகப் பாசி. அவரும் எட்டிப் பார்த்தார். "ஓம், கிடக்குது. எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு, அங்கேயே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கழுவ ஆரம்பித்தார்.

இத்தனை வருட வேலையில் தன் மீதான குறையைத் தானே எழுதச் சொன்ன வேறு ஒருவரை நான் பார்த்ததில்லை.

யார் என்ன சொன்னாலும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "கண்டதோ, கேள்விப்பட்டதோ?" சமையலறையில் யாரோ யாரையோ பற்றிச் சொல்வார்கள், சம்பளம் தள்ளிப்போகிறதாம், இன்னார் அல் ஐனுக்கு மாற்றலாகிறாராம் என்று. அவர் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்தக் கேள்வியைக் கேட்பார். பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பதில் சொல்ல முடியாதவர்களுக்கு அவர் மேல் எரிச்சல் வரும். எனக்கும் சில நாள் வந்திருக்கிறது. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவரிடம் என் மகள் தான் வரைந்த குதிரையைக் காட்டினாள். வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார். "இது குதிரையாத் தெரியேல்ல. ஆனா ஓடுது" என்றார். என் முகம் சுருங்கியது. மகள் அந்தப் படத்தைத்தான் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டாள்.

அந்த பாரில் நூறு வகை பாட்டில் இருந்தது. ஆனால் அவரைத் தேடி வந்தவர்கள் ஒன்றுக்காகத்தான் வந்தார்கள், அப்சிந்த் என்ற பச்சைச் சாராயம். துறைமுகத்துக்கு வெளியே வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களைப் பரிசோதிக்க வரும் ஐரோப்பியர்கள், குளிர்காலத்துக்கு வெயில் காய வரும் முதியவர்கள். நாலு மணிக்கெல்லாம் சூரியன் பின்னால் இருக்கும் மலைப் பக்கம் இறங்கத் தொடங்கும். அப்போது கண்ணாடிக் குடம் ஒன்றைத் தூக்கி வந்து மேசை நடுவில் வைப்பார். நாலு பக்கமும் சின்னச் சின்னப் பித்தளைக் குழாய் வைத்த குடம். உள்ளே ஐஸும் தண்ணீரும். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கோப்பை, அதில் இரண்டு விரல் உயரத்துக்கு இளம்பச்சைச் சாராயம். கோப்பையின் வாயில் குறுக்காக ஓட்டை ஓட்டையாகப் பூ வெட்டிய தட்டைக் கரண்டி, கரண்டி மேல் ஒரு சர்க்கரைக் கட்டி. அதன் பிறகு அவர் கையை எடுத்துவிடுவார்.

"இனித் தண்ணி உங்கட கையில" என்பதை நாலு மொழியில் சொல்லத் தெரியும் அவருக்கு. குழாயை அவரவரேதான் திறக்க வேண்டும், அதுதான் முறை. சொட்டுச் சொட்டாக. அவசரப்பட்டு யாராவது முழுசாகத் திறந்தால் கை நீட்டிக் குழாயைப் பாதி மூடுவார்.

நான் முதல் முறை பார்த்தபோது, சர்க்கரையில் ஊறி இறங்கிய சொட்டு பச்சைக்குள் விழுந்ததும் வெள்ளை நூலாக எழும்பியது. இன்னொரு சொட்டு, இன்னொரு நூல். பிறகு அடியிலிருந்து மேகம் திரண்டு வந்தது. மேலே மட்டும் ஒரு பச்சைக் கோடு மிச்சம் இருந்தது. அதுவும் போனபோது கோப்பை முழுவதும் பால் போலாகி, சோம்பு வாசமும் அதன் பின்னால் வேறு ஏதோ பச்சிலை வாசமும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற என் வரைக்கும் வந்தது.

நான் சட்டென்று, "அக்கா, ஃபினாயில் மாதிரியே இருக்கே!" என்றேன்.

மேசையில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. அவர் சிரித்த சிரிப்பில் கரண்டியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. "சரியாச் சொன்னீங்கள். அதே சங்கதிதான். சோம்பின்ர எண்ணெய் சாராயத்தில கரைஞ்சு ஒளிச்சு நிக்கும். தண்ணி வந்தா ஒளிக்க ஏலாது, வெளியில வந்திடும். படிச்சனீங்கள்தானே, ஏன் வெள்ளையாகுதெண்டு எனக்கு வடிவா நீங்கள்தான் சொல்ல வேணும்."

வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து மறுநாள் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு விருந்தினர் யாராவது காரணம் கேட்டால், "இதை எனக்கு எங்கட சேஃப்டி மேடம் சொன்னவா" என்று ஆரம்பித்துத்தான் சொல்வார்.

அவர் குடிக்க மாட்டார். ஒரு துளிகூட நாக்கில் வைத்ததில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன் லெபனானில் ஒரு வீட்டில் வேலை செய்திருக்கிறார். அங்கே அரக் என்ற சோம்புச் சாராயத்தில் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றி வெள்ளையாக்குவதைப் பார்த்ததுதான் தொடக்கம் என்பார். பிறகு பஹ்ரைனில் ஒரு ஹோட்டலில் தட்டு கழுவி, பரிமாறி, பாருக்கு வந்து சேர்ந்தார். ருசி எப்படி இருக்கும் என்று விருந்தினர் கேட்டால், "தெரியாது. வாசம் தெரியும். வாசத்தைக் கேளுங்கோ, சொல்லுறன்" என்பார். விற்கிறவர் தன் சரக்கின் ருசி தெரியாது என்று சொல்வதைக் கேட்டு அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் மூன்று கோப்பைகளை முன்னால் வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு, எதில் பெருஞ்சீரகம் அதிகம், எது பழைய பாட்டில் என்று பிரித்துவிடுவார். பழையது என்றால் நிறத்திலும் தெரியும். இலையின் பச்சைதான் அந்தப் பச்சை என்பதால், வருடம் போகப் போக அதுவும் சருகின் நிறத்துக்கு வந்துவிடும்.

அதைக் குடித்தால் தேவதை தெரியும், பைத்தியம் பிடிக்கும் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் உண்டு. ஒரு இளைஞர் கூட்டம், உண்மையிலேயே ஏதாவது தெரியுமா என்று கேட்டது. "பதினோரு வருஷம் ஊத்தியிருக்கிறன். கதிரையில நித்திரை கொண்டவையைக் கண்டிருக்கிறன். ஒருதரம் ஒருத்தர் செருப்பை விட்டிட்டுப் போனவர். தேவதையைக் காணேல்ல" என்றார் ஆங்கிலத்தில். அவர்கள் முகம் வாடிப் போயிற்று. ஆனாலும் உட்கார்ந்து குடித்தார்கள்.

வருடா வருடம் ஸ்விட்சர்லாந்திலிருந்து ஒரு வயதான தம்பதி வருவார்கள். அந்தச் சாராயம் பிறந்த மலைப் பள்ளத்தாக்குக்காரர்கள். அவர்களிடமிருந்து கேட்டதையெல்லாம் அவர் மனதில் வைத்திருந்தார். எனக்குச் சொல்லும்போது, "இது கேள்விப்பட்டது" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். ஆரம்பத்தில் அது வயிற்றுக்கான மருந்தாக இருந்தது. அல்ஜீரியாவுக்குப் போன பிரெஞ்சுச் சிப்பாய்களுக்குக் காய்ச்சல் வராமலிருக்கக் கொடுத்தார்கள். ஊர் திரும்பியவர்கள் கடைகளில் அதையே கேட்டார்கள். திராட்சைக் கொடிகளைப் பூச்சி தின்று அழித்த வருடங்களில் ஒயின் கிடைக்காமல் ஏழைகளும் இதற்கு வந்தார்கள். பிறகு ஒரு நாள் ஒரு பண்ணைத் தொழிலாளி தன் மனைவியையும் பிள்ளைகளையும் சுட்டுக் கொன்றான்.

"அண்டைக்கு அவன் விடியக் காலமை தொடங்கி ஒயின், பிராந்தி எல்லாம் குடிச்சவன். கணக்கில்லாமல். அதுக்குள்ள இதுவும் ரெண்டு கிளாஸ். சனம் என்ன சொன்னது? இந்தப் பச்சைத் தண்ணிதான் கொலை செய்தது எண்டு. ஆர் கண்டது? நாடு நாடாத் தடை செய்தாச்சு. கிட்டத்தட்ட நூறு வருஷம், பிள்ளை. அந்தப் பள்ளத்தாக்கில ஆக்கள் நிறமில்லாமல், தண்ணி மாதிரி, குசினிக்குள்ள ஒளிச்சுக் காய்ச்சினவையாம். பிறகுதான் சோதிச்சுப் பாத்து விட்டவை."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு சூடு வரும். ஒரு சாராயத்துக்காக ஏன் இவ்வளவு கோபப்படுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து ஊழியர் பேருந்துக்குக் காத்து நிற்கும்போது கேட்டுவிட்டேன்.

அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். சண்டைக் காலத்தில் அண்ணன் கடற்கரையில் மீன் காயவைக்கும் வாடியில் வேலை செய்தார். அவர் யாருக்கோ தகவல் கொடுக்கிறார் என்று ஊரில் ஒரு கதை. வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவே இல்லை. கொண்டுபோனது எந்தப் பக்கத்தார் என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"பிறகு நானும் அம்மாவும் வீடு வீடாப் போய்க் கேட்டம். அண்ணன் தகவல் குடுத்ததை ஆர் கண்டது, ஆர் கண்டது எண்டு. ஒருத்தரும் காணேல்ல, பிள்ளை. எல்லாரும் கேள்விப்பட்டவை."

பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்ததும், என் பையில் ஜிப் திறந்து கிடக்கிறது என்று காட்டி மூடச் சொன்னார். அந்தப் பேச்சு அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் பழைய சந்தைக்குப் போனோம். அப்சிந்தில் கசப்புக்குச் சேர்க்கும் செடியைக் காய்ந்த நிலையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் மூலிகைக் கடை வைத்திருந்தார். இருவரும் தமிழ் என்றதும் அவருக்கு மகிழ்ச்சி.

"அஃப்சன்தீன்னு சொல்லுவாங்கம்மா. யூனானியில வயித்துக்குக் குடுப்பாங்க. யாருக்கு, உங்களுக்கா?"

"மருந்துக்கில்லை அண்ணே. மணந்து பார்க்க. நான் ஹொட்டேல் பாரில வேலை செய்யிறனான். அங்க ஒரு சாராயத்தில இது சேருது."

நான் அக்காவின் முழங்கையைக் கிள்ளியிருந்தேன், சொல்ல வேண்டாம் என்று. சொல்லி முடித்துவிட்டார். கடைக்காரரின் கை டப்பா மேல் நின்றது.

"மருந்துக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பேசாமக் கட்டிக் குடுத்திருப்பேனே" என்றார்.

"ஓம். ஆனா அது பொய்தானே."

கடைக்காரர் டப்பாவைத் திறந்து ஒரு பிடி எடுத்து எங்கள் முன்னால் காகிதத்தில் வைத்தார். "கட்டித் தர மாட்டேம்மா. இங்கயே நின்னு மோந்து பாத்துட்டுப் போங்க" என்றார். சாம்பல் பூத்த இலைகள். குனிந்து முகர்ந்தேன். மருக்கொழுந்தின் தங்கை மாதிரி ஒரு வாசம். அக்கா ஒரு இலையை எடுத்துக் கடித்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "இப்ப கசப்பு எப்பிடியெண்டு கேட்டா சொல்லுவன்" என்றார், கண்ணில் நீர் வழிய. கடைக்காரரும் சிரித்துவிட்டார். தண்ணீர் கொடுத்தார்.

இவ்வளவையும் எழுதுவது, அதற்கடுத்த குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்வதற்காக.

பானப் பிரிவுக்குப் புதிய மேலாளர் வந்திருந்தார், சென்னைக்காரர். கெட்ட மனிதர் இல்லை, அவசரமான மனிதர். வந்த மாதமே 'பச்சைத் தேவதை வாரம்' என்று அறிவித்தார். துபாயிலிருந்து இன்ஸ்டாகிராம் ஆட்களை அழைத்தார். சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. வர வேண்டிய பாட்டில்கள் மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாக விநியோகஸ்தர் வேறு ஒரு சரக்கை அனுப்பியிருந்தார். வாய் கொப்பளிக்கும் மருந்து போலக் கண்ணைப் பறிக்கும் பச்சை. அக்கா ஒரு கோப்பையில் ஊற்றித் தண்ணீரைச் சொட்ட விட்டார். சொட்டிக்கொண்டே இருந்தது. பச்சை வெளிறியது, அவ்வளவுதான். வெள்ளையாகவே இல்லை.

"இதில சோம்பே இல்லை சேர். இது மாறாது."

"மாறலன்னா என்ன இப்போ? நெருப்பு வெச்சிடலாம். யூட்யூப்ல பாத்திருப்பீங்களே, சக்கரைய நனைச்சுக் கொளுத்துவாங்க. வீடியோக்கு அதுதான் செமையா இருக்கும்."

"தண்ணியில காட்ட ஒண்டுமில்லாத சரக்குக்குத்தான் நெருப்பு வைக்கத் தொடங்கினவை, சேர். அதுவும் இப்பத்தைய பழக்கம். நீங்கள் மெனுவில நூறு வருஷப் பழமையான சடங்கு எண்டு போட்டிருக்கிறியள்."

"யாரு போய்ச் செக் பண்ணப் போறாங்க?"

"அதை விடுங்கோ. இது எழுபது வீதச் சாராயம். பகல் வெளிச்சத்தில நெருப்பு எரியிறதே கண்ணுக்குத் தெரியாது. அது பயம்."

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, கெஸ்ட் கிளம்பி வந்துட்டாங்க. நீங்க செய்யலன்னா வேற ஆள வெச்சு செய்வேன். அனுபவம் இல்லாதவங்க செஞ்சா இன்னும் ஆபத்து. யோசிச்சுக்கோங்க."

அவர் யோசித்தார். "கொளுத்துறன். ஆனா பழைய சடங்கு எண்டு என்ர வாயால சொல்ல மாட்டன்" என்றார்.

நெருப்பு என்றால் என் கையெழுத்து வேண்டும். அபாயங்களை மதிப்பிட்டு நிரப்பும் படிவம் ஒன்று இருந்தது. அதில் ஒரு கட்டம்: ஒத்திகையை நேரில் பார்த்தேன். மேலாளர் என் மேசைக்கு வந்தார்.

"ட்ரையல் காலையில பண்ணிட்டோம் மேடம். சூப்பரா வந்துச்சு. ஒரு டிக் அடிச்சுட்டீங்கன்னா முடிஞ்சுது."

அன்று மகளின் பள்ளியில் ஏதோ நிகழ்ச்சி. மூன்று மணிக்குள் வேலையை முடித்துவிட்டுப் போக வேண்டும் என்ற நினைப்பு. சீனியர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது, மேலாளரும் அதில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவர். இது எதுவும் காரணமாகாது. நேரில் பார்த்தேன் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

நிகழ்ச்சி தள்ளிப்போய்விட்டதாகப் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. அதனால்தான் நாலு மணிக்கு நான் அங்கே இருந்தேன்.

முதல் கோப்பையை அக்கா கொளுத்தினார். நனைத்த சர்க்கரை எரிந்து உருகிக் கோப்பைக்குள் விழுந்தது. உடனே தண்ணீரை ஊற்றி அணைத்தார். இரண்டாவது, மூன்றாவது. எல்லோரும் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி மேசையில் இருந்தவர்கள் தங்களுக்கு எப்போது என்று சத்தம் போட்டார்கள். மேலாளர், பரிமாறிக்கொண்டிருந்த ரோஸிடம் அந்த மேசையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ரோஸ் ஃபிலிப்பைன்ஸ்காரி, இரண்டு பிள்ளைகளின் தாய், எட்டு வருடமாக அங்கே வேலை செய்தவள். கொளுத்தினாள். சரியாகத்தான் செய்தாள். விருந்தினர் ஒருவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். நெருப்பு அணைந்துவிட்டதாக அவள் நினைத்தாள். வெயில் கோப்பை மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. பாட்டிலைச் சாய்த்தாள்.

ஊற்றிய சாராயத்தின் வழியாகவே நெருப்பு பாட்டிலுக்கு ஏறியது. பாட்டில் வாய் ஒரு முறை சீறியது. ரோஸின் சட்டைக் கையில் நெருப்பு இருப்பதே, துணி கறுத்துச் சுருங்கியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் அலறினாள். நான் நின்ற இடத்தில் நின்றேன். இரண்டு மேசை தள்ளி இருந்த அக்கா, ஐஸ் வாளிக்குள் மேசைத்துணியை முக்கி எடுத்துக்கொண்டு ஓடி வந்து, ரோஸின் கையைச் சுற்றி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. "பிள்ளை, குழாயைத் திறவுங்கோ!" என்று என்னைப் பார்த்துக் கத்தியபோதுதான் எனக்குக் கால் அசைந்தது. ஆம்புலன்ஸ் வரும் வரை ரோஸின் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பார்த்தேன், பக்கத்துக் குழாயில் அக்கா தன் வலது உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தோல் வெந்து எழும்பியிருந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு உறக்கம் போயிற்று. விசாரணைக்கு முதல் நாள் பிற்பகல் ஊழியர் குடியிருப்புக்குப் போனேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நலம் விசாரித்தேன். பிறகு கேட்டேவிட்டேன்.

"அக்கா, ட்ரையல் நடந்துச்சா, நான் வந்து பாத்தேனான்னு உங்ககிட்ட கேப்பாங்க. பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா. இல்லன்னா என் வேலையே போயிரும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ட்ரையல் எண்டு ஒண்டு நடக்கவே இல்லை, பிள்ளை."

"அது எனக்குத் தெரியாதுக்கா. அவர் சொன்னாரு..."

"ஓம். கேள்விப்பட்டனீங்கள்."

நான் அழுதேன். அவர் இடது கையால் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

"நான் என்ன கண்டனெண்டு கேட்டால் கண்டதைத்தான் சொல்லுவன். உங்களுக்காக மாத்த ஏலாது. ஆனா ஒண்டு செய்யலாம். என்னைக் கடைசியாக் கூப்பிடச் சொல்லிக் கேக்கிறன். எனக்கு முன்னால நீங்கள் போய் நீங்களாச் சொல்லுங்கோ. அப்ப நான் உங்களைக் காட்டிக்குடுத்ததா இருக்காது. நீங்களும் காட்டிக்குடுக்கப்பட்ட ஆளா இருக்க மாட்டியள்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் மேல் எனக்கு ஆத்திரம்தான் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூடச் சொல்லாத மனுஷி என்ன மனுஷி என்று நினைத்தேன்.

மறுநாள் என்னை முதலில் கூப்பிட்டார்கள். படிவத்தை முன்னால் வைத்தார்கள். ஒத்திகையை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாசல் கதவின் கண்ணாடி வழியே, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருடைய முதுகும் கொண்டையும் தெரிந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லை. கேள்விப்பட்டேன். பார்த்ததாக எழுதிவிட்டேன்" என்றேன்.

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சீனியர் பதவி போயிற்று. வேலை போகவில்லை.

அவர் முறை வந்தபோது, அவர் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல என்னையே உட்கார வைத்தார்கள். ஆங்கிலம் அவருக்கு வரும். ஆனால் இதைத் தன் மொழியில்தான் சொல்ல வேண்டும் என்றுவிட்டார். வந்திருந்த இருவருக்கும் அவர் மேல் மரியாதை இருந்தது. விருந்தினர் எடுத்த வீடியோவை அவர்களும் பார்த்திருந்தார்கள். மேலாளர்தான் கட்டாயப்படுத்தினார் என்று அவர் வாயால் வர வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

"கொளுத்தச் சொன்னவர். நான் வேண்டாமெண்டு சொன்னனான். பிறகு முதல் கிளாசைக் கொளுத்தினது நான்தான். பயமெண்டு தெரிஞ்சுதான் கொளுத்தினனான். அதையும் எழுதுங்கோ."

"உங்களை மிரட்டினாரா?"

"வேற ஆளை வைப்பன் எண்டவர். அது மிரட்டலோ எண்டு எனக்குத் தெரியாது. இன்னொண்டு. ரோஸை மேசையைப் பாக்கச் சொன்னவர். எரியிற கிளாசுக்குள்ள ஊத்தச் சொல்லி அவர் சொல்லேல்ல. அவர் ரோஸிட்டச் சொன்ன நேரம் நான் பக்கத்திலதான் நிண்டனான்."

சுவரோரமாக உட்கார்ந்திருந்த மேலாளர் தலையை நிமிர்த்தினார். தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தையை அவர் அங்கே எதிர்பார்த்திருக்கவில்லை.

தட்டச்சு செய்து கொண்டுவந்த வாக்குமூலத்தை வரி வரியாக அவருக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியில், உடனடியாகச் செயல்பட்டு ஊழியர் ஒருவரின் உயிரைக் காப்பாற்றினார் என்று சேர்த்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான்.

"உயிரைக் காப்பாத்தினன் எண்டு ஆர் கண்டது? நான் துணியைப் போட்டுப் பிடிச்சனான். அவ்வளவுதான் நடந்தது. அதை வெட்டுங்கோ."

"அக்கா, இது உங்களுக்கு நல்லதுதானே. இருக்கட்டுமே."

"வெட்டுங்கோ, பிள்ளை."

என் பேனாவால் நானே அந்த வரியை அடித்தேன். அவர் இடது கையால், கோணலாக, நேரம் எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மேலாளரை வேறு நாட்டுக் கிளைக்கு மாற்றினார்கள். அப்சிந்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அபாயம் தெரிந்தும் கொளுத்தினேன் என்று தானே எழுதிக் கொடுத்தவரை பாரில் வைத்திருக்கச் சட்டப் பிரிவு சம்மதிக்கவில்லை. இரண்டு மாதத்தில் முடிந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அவர் இருந்திருப்பார். அது அவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் இடம் கிடைத்தது. நேர்காணலில், புஜைராவில் என்ன நடந்தது என்று கேட்டார்களாம், நடந்ததையெல்லாம் சொன்னாராம். அதற்காகவே எடுத்துக்கொண்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். இது நான் கேள்விப்பட்டது.

அவர் கிளம்பிய காலையில் ஊழியர் குடியிருப்பு வாசலில் நாங்கள் பத்துப் பேர் நின்றோம். ரோஸும் வந்தாள். முழங்கை வரை இறுக்கமான உறை போட்டிருந்தாள். புண் ஆறியிருந்தது, விரல்கள் மடங்கின. மஸ்கட் போகும் வேனின் ஓட்டுநர் பாகிஸ்தானியர். பெட்டியை ஏற்றிக்கொண்டே, இவ்வளவு பேர் வழியனுப்ப வந்திருக்கிறீர்களே, யார் இந்த அம்மா என்று கேட்டார்.

ரோஸ் உடைந்த ஹிந்தியில், உறை போட்ட கையைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள். "என் உயிரைக் காப்பாத்தினவங்க, பாய். இவங்க இல்லன்னா நான் இல்ல."

நான் அக்காவைப் பார்த்தேன். அவருக்கு ஹிந்தி நன்றாகப் புரியும். வாய் திறந்தது. எங்கள் எல்லோருக்கும் அடுத்து என்ன வரும் என்று தெரியும்.

ரோஸ் அழுதுகொண்டிருந்தாள். அவர் அந்தக் கையைத் தன் தழும்பேறிய உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, உறையின் மேல் ஒரு முறை தடவினார். பிறகு வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறினார்.